முதல் காட்சிக்கு ஒரு சத்தம்

அம்பத்தூரில் அந்த ஸ்டுடியோ ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கல்யாணங்களை வீடியோ எடுத்து, மிக்ஸிங் செய்து, கேசட்டாகக் கொடுக்கும் இடம். ஏ.சி. உண்டு, ஆனால் அது மிஷினுக்கு, மனிதர்களுக்கு இல்லை. மிஷின் ஓடாத நேரத்தில் உரிமையாளர் அதை அணைத்துவிடுவார். நாங்கள் ஜன்னல் இல்லாத அந்த அறையில் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். ஆண்டு விழாவில் போட்டுக் காட்ட ஒரு பாட்டு வீடியோ எடுத்தோம். பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, பாடியவன் வெள்ளானூர்க்காரன். பாட்டுக்காரன் என்றே அவனைச் சொல்கிறேன். கேமரா பிடித்தவன் ஸ்டுடியோ உரிமையாளரின் அக்கா மகன், அதனால்தான் எங்களுக்கு மிக்ஸிங் ஓசி. மூன்றாவது ஆள் நான். என் வேலை என்னவென்று யாரும் சொல்லாததால் எல்லோரையும் அதட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பாட்டுக்காரன் என்னைத் 'தாயே' என்றுதான் கூப்பிடுவான். பக்தியால் இல்லை.

வெள்ளானூர் ஏரிக்கரையை ஒட்டிய வயல்களில் அப்போது மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். வெள்ளையடித்த குட்டைக் கற்கள், வரிசை வரிசையாக. அதே வயல்களில் பாட்டுக்காரனின் அப்பாவும் அம்மாவும் முன்பு கூலிக்கு நடவு நட்டிருக்கிறார்கள். பாட்டு அதைப் பற்றியதுதான். முதல் காட்சியில் ஆளே கிடையாது. கேமரா அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தாண்டி மெதுவாகப் போகும். இருபது விநாடி கழித்துத்தான் பாட்டு தொடங்கும். அந்த இருபது விநாடிக்குப் பின்னணியில் என்ன வைப்பது என்பதில் மாட்டிக்கொண்டோம்.

உரிமையாளர் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். முதலில் வந்த வீணை, பெண் அழைப்புக்கு வைப்பது. அடுத்து புல்லாங்குழல், குழந்தைக்குக் காது குத்துக்கு. திகிலாக வேண்டும் என்று நான் சொன்னதும், பெட்டியின் அடியிலிருந்து நாடகக்காரர்களுக்கான ஒன்றை எடுத்தார். இடி இடித்தது. நரி ஊளையிட்டது. கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண் சிரித்தாள்.

"இது நல்லா போற ஐட்டம்மா. எல்லாரும் கேட்டு வாங்கிக்கினு போறாங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏரிக்கரையில நரி எங்கேருந்து சார் வந்துச்சு? பார்க்கிறவனுக்கு அடிவயிறு கலங்கணும். சிரிப்பு வரக்கூடாது" என்றேன். அப்புறம், அதுவரை மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "சங்கு வேணும். நம்ம சங்கு. அதைத்தான் இங்கே வைக்கணும்."

பாட்டுக்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்விட்டான்.

கீழே டீக்கடையில் போய்ப் பிடித்தேன். டீ கூட வாங்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"யாரு சொன்னா உனுக்கு?" என்றான்.

"எதை?"

"எங்க நைனா சங்கு ஊதறவருன்னு."

எனக்கு விளங்கவே நேரமாயிற்று. நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்களுக்குச் சங்கு என்றால் தொழிற்சாலை ஊதுவது. சங்கு ஊதினால் அப்பா சைக்கிளை எடுப்பார், அடுத்த சங்குக்கு அம்மா உலை வைப்பாள். அந்தச் சங்கை டேப்பில் பிடித்து கல் வரிசைக்கு வைக்கலாம் என்பது என் யோசனை. இன்னொரு சங்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை. குவார்ட்டர்ஸில் யாராவது செத்தால், வேன் பிடித்து திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ உடலைக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் தெருவில் சாவுக்குச் சங்கு ஊதி நான் கேட்டதில்லை.

வெள்ளானூரில் சங்கு என்றால் ஒன்றுதான். பாடைக்கு முன்னால் போகும் சங்கு. அவன் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலை அது. அப்பா திருமழிசையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததும் அதை விட்டுவிட்டார். ஆனாலும் சொந்தக்காரர்களில் யாராவது போய்விட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதைக் கல்லூரியில் அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெயரே 'சங்கு' ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், எங்கள் வகுப்பு அப்படிப்பட்டதுதான்.

"நான் கேட்டது ஃபேக்டரி சங்குடா" என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பின்னாலேயே இறங்கி வந்த கேமராக்காரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"மாமே, இன்னாத்துக்கு ஃபேக்டரி? நெஜ சங்கே ஊட்ல கீது. அத்த வெய்யி. பாக்குறவன் அலறிடுவான்."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. பாட்டுக்காரன் முடியாது என்றான். நான் விடவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தவன், தானே நம்பாதவன் போல் சொன்னான். "நைனாகிட்ட சும்மா சொன்னேன். ஊதறேன்னுட்டாரு. அடுத்த லீவுக்கு வரச் சொன்னாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். வாசலிலேயே அவன் அம்மா மறித்துக்கொண்டு நின்றார். என்னிடம் வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

"சாவு இல்லாத ஊட்ல சங்க வாயில வெப்பாங்களா? படிச்ச பொண்ணுதானே நீ? உங்கூட்ல இப்டி செய்வீங்களா?"

உள்ளேயிருந்து அப்பா வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். தலைமுடியில் நரையா தூசியா என்று தெரியாத ஒரு வெளுப்பு. "ஊட்ல எங்கடி ஊதறேன்? கரைமேல ஊதறேன். புள்ளைங்க ஆசைப்படுது, உடு" என்றார். கையில் சங்கு இருந்தது. பூஜை அறையில் வைப்பது போல் வெள்ளையாக இல்லை, பழுப்பேறியிருந்தது.

"வேணாம்யா" என்றார் அம்மா. அதட்டல் போய், கெஞ்சலாக வந்தது அந்த வார்த்தை. அப்போது அதைச் சாஸ்திரத்துக்குப் பயப்படுகிற குரல் என்றே எடுத்துக்கொண்டேன்.

கரைமேல் காற்று பலமாக இருந்தது. மைக்கில் காற்றிரைச்சல் விழாமல் இருக்க, கேமராக்காரன் அதற்குக் கைக்குட்டை சுற்றி, அவர் மார்புக்குக் கிட்டே பிடித்துக்கொண்டான். அவர் சங்கை ஏரித் தண்ணீரில் நனைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கற்கள் நட்டிருந்த பக்கம் திரும்பி நின்று ஊதினார்.

கோயில் சங்கை நான் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. தாழ்வாகத் தொடங்கி மேலே ஏறி, ஏறிய இடத்தில் நிற்காமல் பிசிறிக்கொண்டு கீழே விழுந்தது. ஊர் நாய்கள் ஒவ்வொன்றாக ஊளையிட ஆரம்பித்தன. இரண்டாவது தடவை ஊதினார், சீக்கிரமே அறுந்துவிட்டது. மூன்றாவது தடவைக்கு முன்னால் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். பெண்கள் கையை நெற்றிக்கு வைத்துக் கரையைப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "யாருப்பா?"

"இன்னும் யாரும் இல்ல. நீ போ" என்றார் அப்பா.

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. கரைக்குக் கீழே அம்மா நின்றிருந்தார். அந்த நேரம் முழுக்க அவர் சங்கையோ எங்களையோ பார்க்கவில்லை. அவர் கண் புருஷனின் முதுகிலேயே இருந்தது. ஊதி முடித்ததும் அப்பா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார். வெயில் அப்படி ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு சரியில்லை. கேமராக்காரன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டான். ஸ்டுடியோ மிஷின் ஒரு கல்யாணக் கேசட்டைக் கடித்து மென்றுவிட்டது. இதற்கெல்லாம் சங்கு காரணமா என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஆனாலும் பயம் போகவில்லை. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது, என் அப்பா சைக்கிளை எடுப்பதைப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அதுவரை நான் செய்யாத வேலை.

மறுபடி ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். உரிமையாளர் டேப்பை ஓடவிட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சங்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கரையில் கேட்ட நடுக்கம் இல்லை. சங்கு என்று தெரிந்த உடனே பார்க்கிறவன் 'ஓ, சாவு' என்று புரிந்துகொண்டு நிம்மதியாகிவிடுவான் என்று தோன்றியது. அப்போதுதான் இரண்டு ஊதலுக்கு நடுவில் வேறொன்று கேட்டது. சல்லடையில் மணல் சலிப்பது போல ஒரு சத்தம். இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. அடியில் மெல்லிய விசில் ஒன்று.

"அது டேப் இரைச்சல்மா. எடுத்துடலாம்" என்றார் உரிமையாளர்.

"எடுக்காதீங்க சார்" என்று கத்தினேன். "சங்கை எடுத்துடுங்க. இந்தச் சத்தத்தை மட்டும் வைங்க. பெரிசா வைங்க."

அவர் அதை மட்டும் வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப வரும்படி செய்து, படத்தோடு சேர்த்து ஸ்பீக்கரில் விட்டார். திரையில் வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அறை முழுக்க அந்தச் சத்தம். கற்களுக்குக் கீழே ஏதோ படுத்துக்கொண்டு வெளியே வரப் பார்ப்பது போல் இருந்தது. கேமராக்காரன் கையை நீட்டி, மயிர்க்கூச்செறிந்திருப்பதைக் காட்டினான். நான் கை தட்டினேன். தேடியது கிடைத்துவிட்டது. நரியும் வேண்டாம், வீணையும் வேண்டாம்.

"இதுதான்! இதேதான்!" என்றேன்.

"அது டேப் இல்ல" என்றான் பாட்டுக்காரன்.

எல்லோரும் திரும்பினோம். அவன் திரையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எங்க நைனா. அவரு மூச்சு."

மறுபடி போடச் சொன்னான். உரிமையாளர் போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னான். அப்புறம் தானே கையை விட்டு ஆடியோ கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன். ஆவடி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

வெள்ளானூர் வீட்டில் அவன் அம்மா மட்டும் இருந்தார். அவன் டேப் ரெக்கார்டரைக் கீழே வைத்து, கேசட்டைப் போட்டான். அவர் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்டார். சங்கு வந்தபோது முகம் சுளித்தார். அடுத்தது வந்தபோது முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தக் கேக்கவா மிஷினு எடுத்துக்கினு அம்பத்தூருக்குப் போனீங்க? ராத்திரி முச்சூடும் நான் கேட்டுக்கினு கீறேன். நீ அந்தாண்ட ரூமுல பொஸ்தகத்த வெச்சிக்கினு கெடக்கறே. சொல்லக்கூடாதுன்னு என் தலைமேல கைய வெச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. உன் படிப்பு முடியட்டுமாம்."

அன்றைக்கு இவர் வாசலில் கெஞ்சியது சாஸ்திரத்துக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊதினால் அந்த மூச்சு என்னாகும் என்றுதான் பயந்திருக்கிறார். சொல்லக்கூடாத உண்மைக்குப் பதிலாகச் சாவு, வீடு, சாஸ்திரம் என்று எதையோ சொல்லித் தடுத்துப் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலில் உட்கார்ந்து முகம் கழுவினார். தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது. பட்டறையில் அவர் வேலை, வார்த்தெடுத்த இரும்பின்மேல் மணலைக் காற்றால் பீய்ச்சித் தேய்ப்பது. மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மகன் எதிரே உட்கார்ந்து கேசட்டைப் போட்டான். திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தான்.

அவர் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார். அதையும் கேட்டார்.

"முன்னல்லாம் ஒரே இழுப்புல ஊதுனா, பாடை தெருமுக்கு திரும்பற வரிக்கும் நிக்கும்" என்றார். "அன்னிக்கு எவ்ளோ நிக்குதுன்னு பாக்கலாம்னுதான் ஊதுனேன். உன் படத்துக்குன்னா நெனச்சே? அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன் நைனா."

மகனைத்தான் நைனா என்றார். அந்தப் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், செல்லமாகச் சொன்னால் பிள்ளையும் நைனாதான். பாட்டுக்காரன் திட்டுவதற்கு வைத்திருந்த எதையும் திட்டவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சு முழுக்க மணல் என்றார். வெளியே எடுக்க வழி கிடையாது என்றார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுபடி சேர்த்தார்கள். கடைசியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஆண்டு விழாவுக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார்.

சாவுக்குப் போயிருந்தேன். ஊரில் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். சாவில்லாத நாளில் சங்கு ஊதினார், தனக்குத்தானே ஊதிக்கொண்டார் என்று. பட்டறையில் கூட வேலை செய்தவர்களும் அதையே சொன்னார்கள், நடுநடுவே இருமிக்கொண்டு. மணலை விட்டுவிட்டுச் சங்கைப் பிடித்துக்கொண்டார்களே என்று எனக்கு ஆத்திரம். யாரிடம் சொல்லிச் சண்டை போடுவது? அவன் அம்மா என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

வீடியோவை நிறுத்திவிடலாம் என்றேன். பாட்டுக்காரன் கேட்கவில்லை. அவனே ஸ்டுடியோவுக்குப் போய் மிக்ஸிங்கை முடித்தான். முதல் காட்சிக்கு என்ன வைத்தான் என்று எங்களிடம் சொல்லவில்லை. உரிமையாளரும் வாயைத் திறக்கவில்லை.

விழா அன்று கலையரங்கத்தில் நிற்க இடமில்லை. விளக்கை அணைத்தார்கள். திரையில் வெள்ளைக் கற்கள் நகர ஆரம்பித்தன. சத்தம் இல்லை. சங்கு இல்லை, மூச்சு இல்லை, காற்றுக் கூட இல்லை. முதல் கல், அடுத்த கல், அதற்கடுத்த கல்.

பின்வரிசையில் ஒருவன் ஆரம்பித்தான். "சவுண்டு!" அவ்வளவுதான், அரங்கம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. "டேய் ஆப்பரேட்டரு, சவுண்டு வைடா!" விசில் பறந்தது. நாற்காலியைத் தட்டினார்கள். சினிமாக் கொட்டகையில் கத்துகிற அதே கத்தல். கற்கள் நகர்ந்துகொண்டே இருந்தன.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "வாயை மூடுங்கடா" என்று கத்துவதற்காக எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரன் என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு தாயே. கத்தட்டும் உடு" என்றான். "மூச்சு கீது, கத்துறாங்க."